‘வா, ஆடலாம்’ என்று சொன்னவனின் மடல்

மிம்பர் மேடை ஏறிப் பயான் செய்யும் ஹஜ்ரத்மார்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகையில் எனக்கு இடப்பக்கம் ஒரு பையன் நின்றான். இருபது வயது இருக்கலாம். இரண்டாவது ரக்அத்தில் அவனுடைய சட்டைப் பைக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தம் இல்லை, மெல்லிய துணி வழியே நீலமாக ஒரு வெளிச்சம் மட்டும். அணைந்தது, மறுபடி வந்தது. சஜ்தாவிலிருந்து எழும்போதெல்லாம் ஒரு கையால் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இமாம் சலாம் கொடுத்து முடிப்பதற்குள் கைபேசி அவன் தொடைமேல் இருந்தது. நான் இடப்பக்கம் திரும்பி சலாம் சொன்னபோது என் கண் நேராக அந்தத் திரையில்தான் போய் விழுந்தது.

மேலே ஆட்டத்தின் ஸ்கோர். கீழே, அடுத்த ஓவரில் எத்தனை ரன், அடுத்த பந்தில் விக்கெட் விழுமா என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண், பச்சையாகவும் சிவப்பாகவும் மாறிக்கொண்டே இருந்தது. அடியில் ‘இப்போதே பணத்தை எடு’ என்று ஒரு பொத்தான். அதில் இருந்த தொகை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்தது. எனக்கு அந்தத் திரை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய ஜும்ஆவில் பயான் சூதாட்டத்தைப் பற்றியதுதான். சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, குதிரைப் பந்தயம், லாட்டரிச் சீட்டு எல்லாம் வந்தன. சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்தப் பையன் அதையும் கேட்டிருப்பான். யாரோ வேறு மனிதர்கள், வேறு ஏதோ காலத்தில் செய்யும் பாவத்தைப் பற்றிய பேச்சாகத்தான் அது அவன் காதில் விழுந்திருக்கும். நான் ஆடிய நாளில் எனக்கும் அப்படித்தான் விழுந்தது. நான் சீட்டையே கையால் தொட்டதில்லையே! அதனால்தான் இந்த மடல்.

முதலில், குர்ஆன் சூதுக்குச் சொல்லும் மைஸிர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை மிம்பரிலிருந்து கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது, தெரிந்தபோது தூக்கிவாரிப் போட்டது. அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். இறகில்லாத பத்து அம்புகளை ஒரு பையில் போட்டுக் குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. மூன்று வெறும் அம்பு. பங்குள்ள அம்பு யாருக்கு வந்ததோ அவருக்கு இறைச்சி. வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். இதுவரை நமக்குத் தெரிந்த சூதாட்டம்தான். அதற்கு அப்புறம் நடப்பதுதான் விஷயம். ஜெயித்தவர் அந்த இறைச்சியைச் சாப்பிட மாட்டார், ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். குளிர்காலப் பஞ்சத்தில் அதை ஒரு பெருமையாகவே செய்தார்கள். ஆட வராதவனைக் கஞ்சன் என்று ஏளனம் செய்தார்கள்.

அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் பெரும் பாவமும் மக்களுக்குச் சில பயன்களும் இருக்கின்றன, பயனைவிடப் பாவமே பெரிது என்று சொல்கிறது. அந்தப் ‘பயன்’ எது என்று கேட்டால், ஏழைக்குப் போன இறைச்சியையும் குர்ஆன் விரிவுரை எழுதிய முஃபஸ்ஸிர்கள் காட்டுகிறார்கள். அதாவது, ஜெயித்த பணம் முழுவதும் ஏழைக்கே போன ஒரு சூதாட்டத்தைத்தான் அல்லாஹ் தடை செய்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் நிர்வாகிகள் நினைவுக்கு வருகிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பயன் இருக்கிறது என்று குர்ஆனே ஒப்புக்கொண்ட பிறகு, நாம் ஏன் ‘இதில் ஒருவனும் ஜெயிக்க மாட்டான்’ என்று மிம்பரில் சொல்கிறோம்? அந்தப் பையனின் நண்பன் போன வாரம்தான் ஜெயித்திருப்பான்; பணம் கணக்கில் ஏறிய படத்தை அவனுக்கு அனுப்பியும் இருப்பான். நாம் சொன்னது பொய் என்று அவன் அங்கேயே முடிவு செய்துவிடுவான். அதோடு நாம் சொல்லும் மற்றதும் போச்சு. ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள் ஹஜ்ரத். ஜெயித்தாலும் ஹராம் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை, அதுதான் அவன் காதிலும் ஏறும்.

அல்மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்களை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள், நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது. ஆனாலும் ஒரு வாசகனாக எனக்குப் பட்டதை எழுதுகிறேன். மது, சூது, பலிபீடக் கற்கள், குறிபார்க்கும் அம்புகள் நான்கையும் ஷைத்தானின் அசுத்தமான செயல்கள் என்று சொல்லி விலகிக்கொள்ளச் சொல்லும் அந்த வசனங்கள், மதுவுக்கும் சூதுக்கும் காரணமும் சொல்கின்றன. பகையும் வெறுப்பும் மூட்டுவது. அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பது. காரணம் அவ்வளவுதான். பண நஷ்டம் அந்தப் பட்டியலிலேயே இல்லை! ‘நான் கட்டுப்பாட்டோடு ஆடுகிறேன், இழந்தாலும் தாங்கும் அளவுக்குத்தான் கட்டுகிறேன்’ என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அந்த வசனத்தின் பக்கத்தில்கூட நிற்காது. என் பக்கத்தில் நின்ற பையன் அன்று ஜெயித்தானா தோற்றானா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவனுடைய இஷாவை அது எடுத்துக்கொண்டுவிட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும். எனக்கே வந்தது. ‘பகை எங்கே இருக்கிறது? எதிரே ஆளே இல்லையே, நான் ஒரு கணினியோடுதானே ஆடுகிறேன்?’ பகை எதிரே இருப்பவனிடம் வருவதில்லை, வீட்டுக்குள் வருகிறது. கைமாற்று கொடுத்தவனின் அழைப்பை எடுக்காமல் விடுவதில் தொடங்கும். மனைவியின் நகை எங்கே என்று மாமனார் கேட்கும் நாளில் வெளியே தெரியும். இன்னொரு பக்கமும் உண்டு. டென்னிஸ் ஆடுகிறவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்: ஓர் ஆட்டத்தில் தோற்றால் போதும், பந்தயத்தில் பணம் விட்டவர்களிடமிருந்து வசவும் கொலை மிரட்டலும் கைபேசிக்கு வந்து குவிகின்றனவாம். முகமே தெரியாத ஒரு மனிதர்மேல் இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்தது?

அடுத்தது ‘திறமை’. ரம்மியும் போக்கரும் கற்பனை அணி விளையாட்டும் அதிர்ஷ்டம் இல்லை, திறமைதான் என்று விளம்பரம் சொல்கிறது. பையன்கள் அதை அப்படியே நம்மிடம் ஒப்பிக்கிறார்கள். அதை மறுக்க நாம் மெனக்கெடவே வேண்டாம். திறமையாகவே இருக்கட்டும். ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் பணம் போட்டு, ஒருவர் எடுத்துக்கொள்ள மற்றவர் இழப்பார் என்ற நிலை வந்தால் அது கிமார், அதாவது சூது. மார்க்கச் சட்டமான ஃபிக்ஹ் பார்ப்பது அதைத்தான். நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரான முஜாஹித், அதா, தாவூஸ் போன்ற தாபியீன்கள், சிறுவர்கள் வால்நட் கொட்டைகளை வைத்துப் பந்தயமாக ஆடுவதையே மைஸிர் என்றார்கள். அந்தச் சிறுவர்களுக்கும் குறிபார்த்து எறியும் திறமை இருந்திருக்குமே.

இதைச் சொல்லும்போது விளையாட்டையே எதிர்க்கிறோம் என்று ஆகிவிடக்கூடாது. ஒட்டகம், குதிரை, அம்பு தவிர வேறு போட்டிக்குப் பரிசு இல்லை என்ற ஹதீஸ் அபூதாவூத் நூலில் இருக்கிறது. அதிலேயே போட்டிக்கும் பரிசுக்கும் ஓர் இடம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களே குதிரைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். பழக்கப்படுத்திய குதிரைகளுக்கு மதீனாவை அடுத்த ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, பழக்கப்படுத்தாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. இப்னு உமர் (ரலி) அதில் ஓட்டியவர்களில் ஒருவர். இதைச் சொன்னால் பையன்களின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் படித்த பையன் அபூபக்ர் (ரலி) அவர்களின் பந்தயத்தைக் கொண்டு வருவான். ரோமர்கள் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று ரூம் அத்தியாயம் இறங்கியபோது அபூபக்ர் (ரலி) மக்காவின் குறைஷிகளோடு பந்தயம் கட்டினார்கள். அந்தச் சம்பவத்தைத் திர்மிதீ ஹதீஸ் நூலில் சொல்லும் அறிவிப்பிலேயே, இது பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன் நடந்தது என்றும் இருக்கிறது. பாதியைச் சொல்லும் காணொளிகள் ஏராளம். மீதிப் பாதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செயலி எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். கஷ்டமில்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இரண்டு அணியும் சமபலம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 1.90 என்று காட்டுவார்கள். 100 கட்டினால் ஜெயித்தவருக்கு 190. நீங்கள் ஒரு பக்கம் 100, இன்னொருவர் மறுபக்கம் 100 கட்டினால் செயலிக்கு வந்தது 200, கொடுத்தது 190. யார் ஜெயித்தாலும் பத்து அவர்களுக்கு. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக நூற்றுக்கு ஐந்து கழிகிறது. கையில் இருப்பதையே முழுவதும் திரும்பத் திரும்பக் கட்டினால், 20 சுற்றுக்குப் பிறகு 100-இல் சராசரியாக 36 தான் மிஞ்சும். முன்பெல்லாம் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பந்தயம், இருபது சுற்றுக்கு இருபது நாள் ஆகும். இப்போது பந்துக்குப் பந்து கட்டலாம். இருபது சுற்று ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

போனஸ் கதையும் அதேதான். நூறு இலவசம் என்பார்கள். அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதைப் போலப் பல மடங்குக்குப் பந்தயம் கட்டியிருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். கட்டி முடிப்பதற்குள் அந்த நூறும் போயிருக்கும், நம் பணமும் போயிருக்கும். ஆனால் என்னைப் பிடித்துவைத்தது போனஸ் இல்லை. ஒரே ஒரு ரன்னில் தவறிய பந்தயங்கள்தான். முழுசாகத் தோற்றால் மனசு ஆறிவிடும். மயிரிழையில் தோற்றால் அது தோல்வியாகவே தெரியாது, அடுத்தது நமக்குத்தான் என்று தோன்றும். ஃபஜ்ர் தொழுகைக்கு வைத்த அலாரம் அடிக்கும்போது, எங்கோ ஒரு நாட்டில் நடந்த, ஆடுகிறவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாத ஓர் ஆட்டத்தில் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல், இணையவழிச் சூதாட்டத்துக்குத் தனித் தலைப்பே வைத்திருக்கிறது. மதுவையும் சூதையும் குர்ஆன் ஒன்றாகச் சொன்னதை நினைத்து ‘அன்றே சொன்னது பார்’ என்று கைதட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு நமக்கு அலுத்துவிட்டது. இதில் விழுந்தவனுக்குப் பாவமன்னிப்பு கேட்கும் தவ்பாவும் வேண்டும், வைத்தியமும் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ‘ஈமான் இருந்தால் விட்டுவிடுவாய்’ என்று மட்டும் சொல்லி அனுப்பிய பையன் அடுத்த வாரம் பள்ளிவாசலுக்கே வரமாட்டான்.

இப்போது என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன்.

புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. யார் தன் தோழனிடம் ‘வா, உன்னோடு சூதாடுகிறேன்’ என்று சொன்னாரோ அவர் ஸதகா, அதாவது தர்மம், கொடுக்கட்டும் என்கிறது அது. கவனியுங்கள், ஆடினால் என்று அதில் இல்லை. கூப்பிட்டால். ஆட்டம் நடந்ததா, பணம் கைமாறியதா என்ற பேச்சே இல்லை. வாயிலிருந்து ‘வா’ என்ற ஒரு சொல் வந்துவிட்டது, அதற்கே பரிகாரம்.

நான் கூப்பிட்டேன். வாயால்கூட இல்லை, ஒரு சுட்டியை அனுப்பினேன். ‘இதன் வழியாகச் சேர், உனக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும்’ என்று செயலியே எழுதிக்கொடுத்த வாக்கியம். என் சாச்சா மகனுக்கு அனுப்பினேன், என்னைவிட ஏழு வயது சின்னவன். பெருநாள் வாழ்த்து அனுப்பிய அதே உரையாடலில், வாழ்த்துக்கு நேர் கீழே அது இன்றும் இருக்கிறது. அவன் சேர்ந்ததற்காக என் கணக்கில் ஒரு சின்னத் தொகை ஏறியது. அதை வைத்து அன்று இரவே ஒரு பந்தயம் கட்டினேன், தோற்றேன். நான் ஒரு வழியாக வெளியே வந்துவிட்டேன். அவனால் முடியவில்லை. இப்போது அவனுக்கு மூன்று இடத்தில் கடன், அதில் ஒன்று வட்டிக்கு.

அந்த ஹதீஸை மிம்பரில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, இன்றைய மொழியில் சொல்லியிருந்தால்? ‘அழைப்புச் சுட்டி அனுப்புவதுதான் இந்தக் காலத்து வா’ என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அனுப்பாமல் இருந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அனுப்பும்போது விரல் கொஞ்சம் தயங்கியிருக்கும். இன்று நம் வாலிபர்களில் பலர் ஆடுவதைவிட அதிகமாக இதைத்தான் செய்கிறார்கள். ‘நான் ஆடுவதில்லை, சுட்டி மட்டும்தான் போடுகிறேன், கமிஷன் வருகிறது’ என்று ஒருவன் என்னிடம் ஹலால் வியாபாரம் போலச் சொன்னான். காணொளி போடுகிறவர்கள், ஆட்டத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் குழு நடத்துகிறவர்கள், விளம்பரத்தில் சிரிக்கும் வீரர்கள் எல்லோரும் இந்த ஒரு சொல்லுக்குள் வருகிறார்கள். வழிகேட்டுக்கு அழைத்தவருக்கு, பின்பற்றியவர்களின் பாவம் போன்ற பாவம் உண்டு, அவர்களுடையதில் எதுவும் குறையாது என்று முஸ்லிம் தொகுப்பில் வரும் ஹதீஸை இதோடு சேர்த்துச் சொன்னால் போதும். தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஹாஷிம் அம்லா அணியின் மது விளம்பரச் சின்னத்தைச் சட்டையில் போடாமலே ஆடினார். மறுக்க முடியும் என்பதற்கு உதாரணம் தேடி ஆயிரம் வருடம் பின்னே போக வேண்டியதில்லை.

சரி, நிர்வாகிகளுக்கு. ஒட்டக இறைச்சிக் கதையை அதற்காகத்தான் எடுத்தேன். கட்டட நிதிக்காகக் குலுக்கல் கூப்பன் அச்சடித்தோமே, நினைவிருக்கிறதா? அதில் ஒரு கட்டை நானே விற்றேன். பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்று சொல்லித்தான் விற்றேன். வாலிபர் போட்டியில் ஒவ்வொரு அணியிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்திலிருந்தே பரிசு கொடுத்தோம். பரிசை வெளியே ஒருவர் தந்திருந்தால் பேச்சே இல்லை. அணிகள் போட்ட பணமே ஜெயித்த அணிக்குப் போனால் அதற்கு என்ன பெயர் என்று ஹஜ்ரத்மார்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். இதைச் சரிசெய்யாமல் செயலியைப் பற்றிப் பேசினால் பையன்கள் பின்வரிசையில் சிரிப்பார்கள். அவர்களுக்கு இந்த ஒற்றுமை நம்மைவிட வேகமாகப் பிடிபடும்.

அப்புறம் கடன். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு என்று அத்தவ்பாவின் 60-ஆம் வசனம் சொல்கிறது. பாவத்தில் கடன்பட்டவன் தவ்பா செய்துவிட்டால் அவனுக்கும் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் இருக்கிறது. அதை எப்போது, எப்படி என்று நீங்கள் பேசி முடிவெடுங்கள். பணத்தை அவன் கையில் தரவே வேண்டாம். கடன் கொடுத்தவரிடமே கட்டிவிடலாம். அவன் பெயர் அறிவிப்புப் பலகைக்கு வரவேண்டாம். ஜும்ஆ முடிந்ததும் அரைமணி நேரம் ஒரு ஹஜ்ரத் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து பேசுவார்கள். முதல் மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். அதற்காக எழுந்து போய்விடாதீர்கள்.

இதை அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அன்னிஸாவின் 29-ஆம் வசனம். உங்களுக்குள் ஒருவர் பொருளை மற்றவர் முறைகேடாக உண்ணாதீர்கள் என்று தொடங்கும் வசனம் அது. சூதாட்ட பயானில் நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அந்த வசனம் முடியும் முன் இன்னொரு கட்டளை இருக்கிறது: ‘உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள், அல்லாஹ் உங்கள்மீது இரக்கமுள்ளவன்.’ கடனில் மூழ்கிக் கிடக்கும் பையனுக்கு அந்த இரண்டாவது பாதிதான் தேவை. இரக்கமுள்ளவன் என்ற சொல்லை அவன் காதில் விழும்படி ஓதுங்கள்.

அந்தச் சுட்டிக்காக எனக்கு ஏறிய தொகையையும், ஜெயித்து எடுத்ததில் கணக்குத் தெரிந்தவரைக்கும் உள்ளதையும், நன்மையை எதிர்பார்க்காமல் கொடுத்துவிட்டேன். ‘வா’ என்றதற்கான ஸதகாவைத் தனியாகக் கொடுத்தேன். சாச்சா மகனின் வட்டிக் கடனில் பாதியை நான் ஏற்றிருக்கிறேன். மீதியைப் பற்றித்தான் உங்களிடம் வரவேண்டும் என்று இருக்கிறேன்.

போன வாரம் அவன் என்னிடம் ஒன்று கேட்டான். ‘நானா, வட்டிக்கு வாங்கிச் சூதாடினவன் தொழுகைக்கு வந்தால் ஹஜ்ரத் என்ன சொல்வார்?’ ஒன்றும் சொல்லமாட்டார், நீ வா என்றேன். நான் சொன்னதை அவன் அவ்வளவாக நம்பியதாகத் தெரியவில்லை. வருகிற ஜும்ஆவுக்கு அழைத்து வருகிறேன். கடைசி வரிசையில், வாசல் பக்கமாக உட்கார்ந்திருப்போம்.

வஸ்ஸலாம்.
உங்கள் பின்னால் நின்று தொழும் ஒருவன்